சென்னையில் குதிரையேற்றம் கற்க: பணம் கட்டும் முன்பும் கட்டிய பின்பும்

வேலைக்குப் போய்க்கொண்டே, முப்பது வயதுக்கு மேல் குதிரையேற்றம் கற்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிறுவர்களுக்குப் பள்ளியும் பெற்றோரும் வழி காட்டிவிடுவார்கள். நமக்குத்தான் எங்கே கேட்பது, எவ்வளவு ஆகும், என்ன காகிதம் கொண்டுபோவது என்று ஒன்றும் தெரியாது. எனக்கும் யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் பணமும் ஒரு மழைக்காலமும் அப்படித்தான் போயின. உங்களுக்கு அது வேண்டாம்.

ஊட்டி ஏரிக்கரையிலும் கொடைக்கானலிலும் மெரினாவிலும் குதிரை ஏறிய அனுபவத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே கயிறு குதிரைக்காரர் கையில் இருந்தது. நீங்கள் மேலே உட்கார்ந்திருந்தீர்கள், அவ்வளவுதான்.

1. முதலில் எடை, உடம்பு

குதிரை தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. இதில் சேணமும் அடக்கம். நம் ஊர்ப் பள்ளிகளில் நிற்பவை பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற, தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள். அவை 450 கிலோ பக்கம் இருக்கும். 90 கிலோவில் சேணத்துக்கு ஏழெட்டுக் கிலோ போக, மீதிதான் உங்களுக்கு. அதனால் 80 கிலோவைத் தாண்டியவர்கள் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். நேரில் போய் நின்ற பிறகு "உங்களுக்கு ஏத்த குதிரை இல்லை சார்" என்று கேட்பது சங்கடம். எடை வரம்பே இல்லை என்று சொல்லும் இடத்தில் எனக்குச் சந்தேகம் வரும். குதிரையின் முதுகைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் உங்கள் முதுகைப் பற்றி மட்டும் கவலைப்படுவார்களா?

முதுகெலும்பு வட்டு விலகல், முழங்கால் அறுவை, கர்ப்பம், வலிப்பு, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் கேட்காமல் ஏறாதீர்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் இப்போதே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். லாயத்து மண்ணில் அந்தக் கிருமி சாதாரணமாக இருக்கும். அதோடு அங்கே ஆணியும் தகரமும் கிடக்காத இடம் குறைவு.

2. பள்ளியைப் பார்க்கப் போனால் லாயத்தைப் பாருங்கள்

சென்னையில் பயிற்சி இடங்கள் பல கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கின்றன. புதுச்சேரிக்காரர்களுக்கு ஆரோவில் அருகே ரெட் எர்த் பள்ளி இருக்கிறது. பெங்களூரில் இருப்பவர்களுக்குத் தேர்வு இன்னும் அதிகம். எங்கே போனாலும், அலுவலக அறையில் உட்கார்ந்து கட்டண அட்டையைப் பார்ப்பதற்கு முன் லாயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். காலை வகுப்பு நடக்கும் நேரமாகப் பார்த்து, முன்கூட்டிச் சொல்லாமல் போனால் இன்னும் நல்லது.

நான் பார்ப்பவை இவை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, பாசி பிடித்திருக்கிறதா? விலா எலும்பைக் கண்ணால் எண்ண முடிகிறதா? சேணம் உட்காரும் இடத்திலும் வயிற்றுப் பட்டை உரசும் இடத்திலும் புண் இருக்கிறதா? வெள்ளை முடி திட்டுத்திட்டாக இருந்தால் பழைய சேணப் புண் ஆறிய தழும்பாக இருக்கலாம். குளம்பு ஓரம் உடைந்து பிளந்திருக்கிறதா? லாடம் அடிப்பவர் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டும். கடைசியாக எப்போது வந்தார் என்று லாயத்து அண்ணனிடம் பேச்சுவாக்கில் கேளுங்கள். மேலாளர் சொல்லும் பதிலைவிட அவர் சொல்லும் பதில் நம்பகமானது.

அப்புறம் பயிற்றுநர். நம் பக்கம் இவர்கள் மூன்று வழிகளில் வருகிறார்கள்: ராணுவத்திலோ காவல்துறைக் குதிரைப் பிரிவிலோ இருந்தவர்கள், பந்தயத்தில் ஓட்டியவர்கள், போட்டிப் பயிற்சி வழியாக வந்தவர்கள். மூன்றிலும் நல்லவர்கள் உண்டு. பந்தய வழி வந்தவர் அங்கவடியை, அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வைக்கும் வளையத்தை, குட்டையாக வைத்து, உங்களை முன்னால் குனிய வைத்துக் கற்றுக்கொடுத்தால் மட்டும் எச்சரிக்கை. அது பந்தயத்துக்கான உட்காரும் முறை. தொடக்கத்தில் உங்களுக்கு வேண்டியது அது இல்லை.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி என்றால் இதைக் கேளுங்கள்: "முதல் சில வகுப்பு லஞ்ச் கயிற்றில் தருவீர்களா?" லஞ்ச் என்றால் பயிற்றுநர் நடுவில் நின்று நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிடுவது. குதிரையை அவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் உங்கள் உடம்பை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். "அதெல்லாம் வேண்டாம் சார், முதல் நாளே ஓட்டிடலாம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

3. காகிதங்கள்

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை: ஆதார் நகல், இரண்டு மூன்று பாஸ்போர்ட் அளவுப் படம், அவசரத் தொடர்பு எண், சில இடங்களில் மருத்துவரின் உடல்தகுதிச் சான்று. சிறுவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் பிறப்புச் சான்றில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். இனிஷியல் தகராறு நம் ஊரில் எல்லா இடத்திலும் வரும். இங்கேயும் வரும்.

கையெழுத்துப் போடச் சொல்லித் தரும் படிவம்தான் முக்கியம். அடிபட்டால் பள்ளி பொறுப்பல்ல என்று அதில் இருக்கும். அது எல்லா இடத்திலும் உள்ளதுதான், போடாமல் சேர முடியாது. ஆனால் படித்துவிட்டுப் போடுங்கள். கட்டிய பணம் திரும்ப வராது என்பதும், வகுப்புகள் எத்தனை நாளில் காலாவதி ஆகும் என்பதும் அந்தத் தாளின் அடியில்தான் பொடி எழுத்தில் இருக்கும்.

உங்கள் மருத்துவக் காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்குப் பட்டியலில் ஒன்பதாவது, ஆபத்தான சாகச விளையாட்டுகளைப் பற்றியது. தொழில்முறையாக ஈடுபடுபவர்களுக்கு ஏற்படும் சிகிச்சைச் செலவைத்தான் அது விலக்குகிறது. குதிரைப் பந்தயமும் அதில் பெயரோடு இருக்கிறது. பொழுதுபோக்காகக் கற்பவருக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் தனிநபர் விபத்துக் காப்பீடு வேறு. அதன் விலக்குகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். "பயிற்சிக்காகக் குதிரை ஏறுகிறேன், விபத்து நடந்தால் பணம் வருமா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகவர் வாயால் சொல்வது உதவாது.

4. செலவு

நான் விசாரித்த இடங்களில் முக்கால் மணி நேரக் குழு வகுப்புக்கு 800 முதல் 1,500 ரூபாய் வரை சொன்னார்கள். தனி வகுப்பு அதைவிட அதிகம். பன்னிரண்டு வகுப்புத் தொகுப்பாக எடுத்தால் ஒரு வகுப்பின் விலை குறையும். இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது. தொகுப்புக்குக் காலக்கெடு உண்டு, வேலைக்குப் போகிறவரால் அதற்குள் முடிக்க முடியாது, மீதி வகுப்பு போய்விடும். முதலில் நான்கு வகுப்புக்கு மட்டும் கட்டுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

பணம் கட்டும் முன் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: சொன்ன தொகையில் வரி சேர்ந்ததா? சேர்க்கைக் கட்டணம் தனியா? ஒரு குழுவில் எத்தனை பேர்? நான்கு பேருக்கு மேல் இருந்தால் பயிற்றுநர் கண் உங்கள் மேல் படுவதே அரிது. மழையால் வகுப்பு நின்றால் ஈடு உண்டா? முக்கால் மணி என்பது சேணத்தில் இருக்கும் நேரமா, அல்லது குதிரையைக் கொண்டுவந்து, ஏறி, இறங்கும் நேரமும் சேர்ந்ததா?

மழை விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மைதானம் சேறாகிவிட்டால் குதிரைக்குக் கால் சுளுக்கும், எனவே வகுப்பை நிறுத்துவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறு மணி வகுப்புக்கு அடித்துப் பிடித்துப் போட்டி. தொடங்கச் சரியான மாதம் ஜனவரி. வெயில் ஏறுவதற்குள் மூன்று மாதம் தொடர்ச்சியாகக் கிடைக்கும். வாரம் ஒருமுறை என்றால் உடம்பு ஒவ்வொரு முறையும் மறந்துவிடும். வாரம் இரண்டு நாளாவது வைத்துக்கொள்ளுங்கள்.

5. என்ன வாங்குவது

முதலில் தலைக்கவசம். பைக் ஹெல்மெட்டும் வேண்டாம், மிதிவண்டி ஹெல்மெட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் சீட்டில் இ.என் 1384, வி.ஜி 1, ஏ.எஸ்.டி.எம் எஃப் 1163, இவற்றில் ஏதாவது ஒரு தர எண் இருக்க வேண்டும். டெக்கத்லான் கடைகளில் தொடக்கநிலைக் கவசம் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். எல்லாக் கிளையிலும் இருக்காது, இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். பட்டையைப் பூட்டாமல் தலையைக் குனிந்து ஆட்டினால் கவசம் நழுவக் கூடாது. பள்ளியில் தரும் பொதுக் கவசம் வியர்வையில் ஊறி, எத்தனை முறை கீழே விழுந்ததோ தெரியாமல் இருக்கும். ஒரு பலமான அடி வாங்கிய கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கும், மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது காலணி. சின்னக் குதிகால் உள்ள, அடிப்பாகம் வழவழப்பான, கணுக்காலை மூடும் காலணி. குதிகால் எதற்கு என்றால், பாதம் அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து சிக்காமல் இருக்க. விழும்போது கால் சிக்கி இழுபடுவது இந்த விளையாட்டின் மிக மோசமான விபத்துகளில் ஒன்று. ஓட்டப் பயிற்சிக் காலணி போட்டுக்கொண்டு வந்தால் ஏற்ற மறுக்கும் பயிற்றுநர் நல்லவர்.

ஜீன்ஸ் வேண்டாம். உள்தொடையில் இருக்கும் தையல் தோலை உரித்துவிடும். ஆரம்பத்தில் நல்ல லெக்கிங்ஸ் போதும், ஆண்களுக்கும்தான். விலை உயர்ந்த பிரீச்சஸ் என்ற குதிரையேற்றக் காற்சட்டை, நீளத் தோல் பூட்ஸ் எல்லாம் ஆறு மாதம் தாக்குப்பிடித்த பிறகு பார்க்கலாம்.

6. முதல் மாதம் தரையில்

வகுப்புக்கு அரை மணி முன்னால் போங்கள். சேணம் கட்டிய குதிரையை நீட்டினால் ஏறி, முடிந்ததும் இறங்கிக் காருக்குப் போகிறவர்கள் ஒரு வருடம் ஆனாலும் குதிரையைத் தெரிந்துகொள்வதில்லை. லாயத்து அண்ணனிடம், "அண்ணா, நான் தேய்க்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் சிரிப்பார், மூன்றாம் நாள் பிரஷைக் கையில் கொடுத்துவிடுவார்.

குதிரைக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் கண் தெரியாத இடம் உண்டு. பக்கவாட்டில், தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். பின்பக்கமாகக் கடக்க வேண்டியிருந்தால் கையை அதன் மேல் வைத்தபடி ஒட்டிப் போங்கள், இல்லாவிட்டால் நன்றாக விலகிப் போங்கள். இடைப்பட்ட தூரத்தில்தான் உதை முழு வேகத்தில் விழும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மடித்துப் பிடியுங்கள். குதிரை மிரண்டு ஓடினால் சுற்றிய கயிறு விரலைக் கொண்டுபோய்விடும்.

குளம்பு சுத்தம் செய்யும் முறையைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். முன்னங்கால் தோளுக்குப் பக்கத்தில், குதிரையின் வால் பக்கம் பார்த்து நில்லுங்கள். தோளிலிருந்து கையை மெல்லக் கீழே தடவிக்கொண்டு வந்து, முழங்காலுக்குக் கீழே பின்புறத் தசைநாரை லேசாகப் பிடித்தால், பழகிய குதிரை தானே காலைத் தூக்கும். கொக்கியைக் குதிகாலிலிருந்து நுனி நோக்கி இழுங்கள். நடுவில் முக்கோணமாக ஒரு மெத்தென்ற பகுதி இருக்கும், அதைக் குத்தாமல் இரண்டு பக்கப் பள்ளத்திலும் உள்ள சாணியையும் கல்லையும் எடுங்கள். அழுகல் வாடை வந்தால், கறுப்பாகக் கசிந்தால், உடனே சொல்லிவிடுங்கள். ஈர லாயத்தில் நிற்கும் குதிரைகளுக்கு வரும் நோய் அது. மழைக்காலத்தில் சென்னையில் நிறையப் பார்க்கலாம்.

சேணம் கட்டும்போது ஒரு விஷயம். கர்த் என்று சொல்லும் வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். சரி, இறுகிவிட்டது என்று நினைத்து ஏறுவீர்கள். நாலு அடி நடந்ததும் அது மூச்சை விடும், பட்டை தளரும், சேணம் பக்கவாட்டில் சரியும், கூடவே நீங்களும். அதனால் கட்டியதும் ஒருமுறை, ஏறும் முன் ஒருமுறை, இரண்டு சுற்று நடந்த பிறகு ஒருமுறை என்று மூன்று தடவை பாருங்கள். ஏறுவதற்கு மேடையைப் பயன்படுத்துங்கள். தரையிலிருந்து தொங்கி ஏறினால் குதிரையின் முதுகு திருகும், சேணமும் கெடும்.

7. சேணத்தில்

உட்காரும் முறைக்கு ஒரு கோடு போதும்: காது, தோள், இடுப்பு, குதிகால். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்காருவது போல் கால் முன்னே போய்விட்டால் குதிரை வேகமெடுத்ததும் பின்னால் விழுவீர்கள். அங்கவடி நீளத்துக்கு எளிய அளவு: விரல் நுனியைச் சேணத்தில் அங்கவடி மாட்டும் இரும்பில் வைத்தால், வாரை இழுத்துப் பிடித்த அங்கவடி அக்குளைத் தொட வேண்டும்.

மெதுவிலிருந்து வேகம் வரை குதிரையின் நடைகள் நான்கு, ஒவ்வொன்றிலும் குளம்பு தரையில் விழும் தாளம் வேறு. வாக் நான்கு தாளம், ட்ராட் இரண்டு, கேன்டர் மூன்று, கேலப் மறுபடி நான்கு. புதியவரை உடைத்துப் போடுவது ட்ராட்தான். குறுக்குக் கால்கள் ஜோடியாகத் தரையில் விழுவதால் தூக்கித் தூக்கிப் போடும். அதற்குத்தான் எழுந்து உட்காரும் முறை. வட்டத்தில் போகும்போது வெளிப்பக்க முன் தோள் முன்னே போகும்போது எழுங்கள், பின்னே வரும்போது உட்காருங்கள். கீழே குனிந்து பார்க்காமல் ஓரக்கண்ணால் தோளைப் பார்க்கப் பழகுங்கள். முழங்காலால் இறுக்கிப் பிடித்து எழுந்தால் கீழ்க்கால் ஆடும். குதிரை கொடுக்கும் உந்துதலில் இடுப்பு முன்னோக்கிப் போனால் போதும், உயரமாக எழத் தேவையில்லை.

லகானைப் பிடித்துத் தொங்குவது நம் எல்லோருக்கும் வரும் பழக்கம். லகானின் மறுமுனை அதன் வாயில் இருக்கும் இரும்பு. நீங்கள் தடுமாறும்போதெல்லாம் அந்த இரும்பு அதன் வாயை இடிக்கிறது. தடுமாறினால் பிடரி மயிரைப் பிடியுங்கள். சேணத்தின் முன் வளையத்தில் ஒரு பழைய தோல்வார் கட்டித் தரச் சொல்லியும் கேட்கலாம். பயிற்றுநர் "ஹீல் டவுன், லுக் அப்" என்று கத்திக்கொண்டே இருப்பார், மனம் தளர வேண்டாம், பத்து வருடம் ஓட்டியவரையும் அப்படித்தான் கத்துவார்.

8. முன்னேற்றம் நின்றுவிட்டால்

ட்ராட் வந்து, கேன்டர் எட்டிப்பார்க்கும் கட்டத்தில் எல்லோருக்கும் ஒரு தேக்கம் வரும். அப்போது இன்னும் வேகமாக ஓட்டத் தோன்றும். என் அனுபவத்தில் அதற்கு நேரெதிரானதுதான் பலன் தந்தது: மீண்டும் லஞ்ச் கயிற்றுக்குப் போய், அங்கவடியைக் கழற்றி, கையை இடுப்பில் வைத்துச் சுற்றுவது. தொடை நடுங்கும். ஆனால் அதற்குப் பிறகு கேன்டரில் நீங்கள் சேணத்தை விட்டு எழ மாட்டீர்கள்.

இருபது மீட்டர் வட்டத்தைச் சரியாகப் போடுங்கள். கேட்கச் சாதாரணம், போட்டுப் பார்த்தால் முட்டை வடிவம்தான் வரும். டிரசாஜ் (குறித்த அசைவுகளைக் குதிரையிடம் செய்ய வைத்து மதிப்பெண் வாங்கும் போட்டி) மைதானத்தின் அகலமும் 20 மீட்டர்தான் என்பதால், அதன் ஓரத்தில் வைத்திருக்கும் எழுத்துப் பலகைகளை அடையாளம் வைத்துக்கொள்ளலாம். நண்பர் ஒருவரை வட்டத்தின் நடுவில் நிறுத்திக் கைப்பேசியில் எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காது முதல் குதிகால் வரையிலான கோடு எங்கே உடைகிறது என்று வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். குதிரையையும் அவ்வப்போது மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரே சாதுவான குதிரையில் கற்றது அந்தக் குதிரையோடு நின்றுவிடும்.

9. குதிரையைப் பழக்கும் வேலை

இதை முதல் ஆறு மாதத்தில் தொடாதீர்கள். தொடங்கும்போதும் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கட்டும். அடிப்படை ஒன்றுதான்: அழுத்தம் கொடுத்தால் குதிரை அசையும், அழுத்தத்தை எடுக்கும் கணத்தில்தான் கற்றுக்கொள்ளும். மார்பில் கை வைத்துப் பின்னே போகச் சொல்கிறீர்கள். அது ஒரு காலைப் பின்னே எடுத்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இரண்டு நொடி தாமதித்தால், எதற்காக விட்டீர்கள் என்று அதற்குப் புரியாது. சரியாகச் செய்த பிறகும் உதைத்துக்கொண்டே இருப்பவர்களின் குதிரைதான் "சோம்பேறி" என்று பெயர் வாங்கும்.

லஞ்ச் கயிற்றில் நீங்களே சுற்றவிடப் பழகும்போது கையுறை கட்டாயம். வட்டம் சிறியதாக வேண்டாம், மூட்டு தேயும். இரண்டு பக்கமும் சம நேரம், மொத்தம் இருபது நிமிடத்துக்குள். முடிந்ததும் பத்து நிமிடம் நடக்க வைத்து மூச்சை ஆற்றுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் பிரச்சினை வந்தால் அது உயிருக்கு ஆபத்து. தீனி எடுக்காமல், தரையைக் காலால் பறித்து, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, உருண்டாலோ, நேரம் கடத்தாமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

10. விழுந்தால்

விழுவீர்கள். விழப்போகிறோம் என்று தெரிந்தால் இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து உதறி எடுப்பதுதான் முதல் வேலை. விழுந்ததும் குதிரைக்கு எதிர்ப்பக்கமாக உருளுங்கள். தலையில் அடிபட்டிருந்தால் அன்றைக்கு மறுபடி ஏறக் கூடாது, "பயம் போக உடனே ஏறு" என்று யார் சொன்னாலும் சரி. தலைவலி, வாந்தி, மங்கலான பார்வை, பேச்சில் குழப்பம் இருந்தால் நேராக மருத்துவமனை. வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

11. போட்டியும் சொந்தக் குதிரையும்

தேசிய அளவிலான போட்டிகளை நடத்துவது இந்திய குதிரையேற்றக் கூட்டமைப்பு. அதற்கு ஓட்டுநரும் குதிரையும் பதிவு பெற்றிருக்க வேண்டும், குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு. பெரும்பாலோர் பள்ளியின் குதிரையில், பள்ளி வழியாகத்தான் போகிறார்கள். உள்ளூர்ப் பள்ளிகளின் சிறு போட்டியில் ஒரு டிரசாஜ் தேர்வு ஓட்டிப் பாருங்கள். நடுவர் ஒவ்வொரு அசைவுக்கும் மதிப்பெண்ணும் குறிப்பும் எழுதித் தரும் தாள், பல வகுப்புகளைவிடப் பயன்படும்.

சொந்தக் குதிரை ஆசை இதற்குள் வந்திருக்கும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், அழகழகான குதிரைகள் நிற்கும். பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புங்கள். பந்தயத்திலிருந்து கழித்த குதிரையை யாரோ மலிவாகத் தருகிறேன் என்பார்கள். வாங்கும் விலை சின்னது. 450 கிலோ குதிரைக்கு நாளைக்கு ஏழு முதல் ஒன்பது கிலோ உலர்தீனி, வெயில் காலத்தில் 40 லிட்டருக்கும் மேல் தண்ணீர், லாய வாடகை, பார்த்துக்கொள்பவர் சம்பளம், லாடம், குடற்புழு மருந்து, தடுப்பூசி, இவை மாதாமாதம் வரும், நீங்கள் ஊரில் இல்லாத மாதத்திலும் வரும். அப்படியும் வாங்குவதானால், விற்பவரோடு தொடர்பில்லாத கால்நடை மருத்துவர் ஒருவரை வைத்துக் கால், கண், மூச்சு, இதயம் நான்கையும் பரிசோதியுங்கள். கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள், அது மனிதருக்கும் தொற்றும். கடினத் தரையில் நேர்கோட்டில் ட்ராட் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். தலை ஏறி இறங்கினால் முன்னங்காலில் நொண்டல் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். அறிக்கை கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். "நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்க" என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.